பாரம் பழகும் முறை

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் சாலையில் பழையசீவரத்திற்கு எதிரே, பாலாற்றின் தென்கரையில் அமைந்துள்ள ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடம் ஆதலின் இப்பெயர் பெற்றது. இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஆதுலசாலை எனப்பட்ட மருத்துவமனை ஆகிய மூன்றும் அங்கு இயங்கியதை அது விரித்துரைக்கின்றது. மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும், மருந்துகளைச் சேர்ப்போரும், பணிமகளிரும் அமர்த்தப்பட்டிருந்தனர். மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொருவர்க்கும் அளிக்கவேண்டிய நெல், மாணவர் சனிக்கிழமை நீராடுதற்குரிய எண்ணெய் என யாவும் கணக்கிட்டுக் கூறப்பட்டுள்ளன.

கல்வியும் உடல்நலமும் ஒருங்கே பேணப்பட்டன என்பது இக்கல்வெட்டால் பெறப்படும் ஓர் உண்மை. உடல்நலம் பேணுதற்கு அளவு வேண்டும் என்பது மற்றோர் உண்மை. இவ்விரண்டாம் உண்மையை மனத்திற்கொண்டு, இன்று மாணவர் பலரையும் ஈர்த்துள்ள பாரம் தூக்கும் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவார்க்கு ஏற்ற முறையை இக்கட்டுரையில் காண்போம்.

தொடக்கத்தில் நேரும் தவறு

பயிற்சிக்கூடத்தில் சேரும் இளைஞருள் பெரும்பாலோர், அருகிலிருப்பவர் தூக்கும் பாரத்தைத் தாமும் முதல் வாரத்திலேயே தூக்க முனைகின்றனர். நாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறே முனைந்தோம். நண்பர்முன் தலைகுனியலாகாது என்னும் ஒரே காரணத்தால் நம் ஆற்றலுக்கு மிஞ்சிய பாரத்தை முதுகு வளைத்துத் தூக்கி, ஒரு மாதம் குனிந்து செருப்பணியவும் இயலாமல் வருந்தினோம். அதன்பின் பல்லாண்டுகள் பாரத்தைத் தொடவே இல்லை. முதுகு ஒரு மாதத்தில் தேறியது. இழந்த ஆண்டுகளோ திரும்பவில்லை. அத்தகைய இழப்பு எம் மாணவர்க்கு நேரலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்தது. உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்புறம் எறிபவனே மணம் முடிக்கத் தகுதியுடையவன் என்பர். இன்றும் பொங்கல் விழாக்களில் சில ஊர்களில் இதனைக் காணலாம். ஆயினும் ஒரு கல்லின் எடை என்றும் மாறுவதில்லை. எனவே அது வலிமையை அளந்தறியும் தேர்வேயன்றி, வலிமையை வளர்க்கும் பயிற்சியாகாது. இரும்புத் தண்டில் வட்டுகளைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம் என்பதே இன்றைய பயிற்சியின் தனிச்சிறப்பு. தேர்வையும் பயிற்சியையும் ஒன்றெனக் கருதுவதே தொடங்குவாரின் முதற்பிழை எனலாம்.

மருத்துவமனையில் வளர்ந்த முறை

பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறைக்கு மருத்துவ அறிவியலில் இடம் தேடித்தந்தவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். இளமையில் ருமாட்டிக் காய்ச்சலால் நெடுநாள் படுக்கையில் கிடந்த அவர், பாரம் தூக்கிப் பழகியே உடல் தேறியவர். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்கள் சிகாகோ நகர இராணுவ மருத்துவமனையில் அவரிடம் வந்தனர். மெலிந்த கால்களுக்குச் சிறு பாரத்தைப் பன்முறை தூக்கச் செய்வதே அந்நாளைய வழக்கம். அவரோ பெரும்பாரத்தைச் சிலமுறை தூக்கச் செய்து, வாரந்தோறும் எடையைக் கூட்டினார். வீரர்கள் விரைந்து தேறினர். 1945இல் அவர் இம்முறையை வெளியிட்டார். 1948இல் அதனை எளிமையாக்கி, ஒருவர் பத்துமுறை தூக்கவல்ல பாரத்தில் முதலில் பாதி, பின்னர் முக்கால், இறுதியில் முழுமை என மூன்று சுற்றுகள் போதும் என்றார். இன்றைய பயிற்சிக்கூடங்களில் வழங்கும் ‘மூன்று சுற்று, பத்துமுறை’ என்னும் கணக்கு இதனோடு தொடர்புடையது.

இப்பயிற்சி இளைஞர்க்கே உரியது என்னும் கருத்தும் பொருந்தாது. பாஸ்டன் நகரில் ஏறத்தாழ 90 வயதுடைய முதியோர் பதின்மர்க்கு எட்டு வாரம் கால்வலிமைப் பயிற்சி அளித்து, 1990இல் ஆய்வு முடிவினை வெளியிட்டனர். பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது. பெரியவர்கள் அனைவரும் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைவலிமைப் பயிற்சி செய்தல் வேண்டும் என 2020இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது. எலும்புத் தேய்மானம் பெண்களை மிகுதியும் தாக்குவதால் மாணவியர்க்கும் இப்பயிற்சி இன்றியமையாதது. தறிக்குழியில் கால்களை இறக்கி, நாள் முழுதும் குனிந்தமர்ந்து பட்டு நெய்யும் காஞ்சி நெசவாளர் போன்றோர்க்கு முதுகும் இடுப்பும் வலுப்பெறுதல் எத்துணைத் தேவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தொடங்கும் முறை

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் போதும். இரு பயிற்சி நாட்களுக்கிடையே ஒருநாள் ஓய்வு வேண்டும். தசை வளர்வது பாரம் தூக்கும்போதன்று. பின்னர் உண்டு உறங்கும்போதேயாம்.

அடிப்படை அசைவுகள் ஐந்து. தோளில் தண்டைத் தாங்கிக் குந்தி எழுதல். தரையில் உள்ள பாரத்தை நிமிர்ந்து தூக்குதல். மல்லாந்து படுத்து மார்புக்குமேல் தள்ளுதல். நின்றவாறு தலைக்குமேல் உயர்த்துதல். குனிந்து வயிற்றை நோக்கி இழுத்தல். உடலின் பெருந்தசைகள் யாவும் இவ்வைந்தனுள் அடங்கும். நாளொன்றுக்கு மூன்றினைத் தேர்ந்து மாற்றி மாற்றிச் செய்யலாம்.

ஆடவர் போட்டிகளில் பயன்படும் இரும்புத் தண்டின் எடை 20 கிலோ. மகளிர்க்குரியது 15 கிலோ. வட்டு ஏதுமின்றி இத்தண்டோடு மட்டும் தொடங்குதல் நன்று. அதுவும் மிகுதியெனில் மூங்கிற்கழியோடு தொடங்கலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஒவ்வோர் அசைவையும் எட்டு முதல் பத்துமுறை வரை, மூன்று சுற்று செய்க. சுற்றுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறுக. சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்றுமுறை தூக்கும் ஆற்றல் எஞ்சியிருத்தல் வேண்டும். மூன்று சுற்றும் வடிவம் குலையாமல் முடிந்தால் மட்டுமே அடுத்தமுறை 2.5 கிலோ கூட்டுக.

இஃது அற்பம் எனத் தோன்றலாம். ஆயினும் 30 கிலோவில் தொடங்கி வாரம் 2.5 கிலோ கூட்டுபவர் பன்னிரண்டாம் வார முடிவில் 60 கிலோவை எட்டுகிறார். முதற்சில வாரங்களில் தசை பருத்துக் காணப்படாது. எனினும் வலிமை கூடும். இருக்கும் தசையை முழுதும் இயக்க நரம்புகள் பழகுவதே இதற்குக் காரணம். கண்ணாடியைப் பார்த்து மனந்தளராமல், குறிப்பேட்டைப் பார்த்து ஊக்கம் பெறுதல் வேண்டும். நாள், அசைவு, எடை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வைத்தல் நன்று.

தரையிலிருந்து பாரம் எடுக்கும்போது முதுகைக் கூனாக்காமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, பாரத்தை உடலை ஒட்டியே உயர்த்துக. தூக்குமுன் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி, உயர்த்தியபின் மூச்சுவிடுக. மல்லாந்து படுத்துத் தள்ளும்போது துணைக்கொருவர் அருகில் நிற்றல் கட்டாயம். இரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம் உடையோரும் முதியோரும் மருத்துவரைக் கேட்டறிந்தபின்னரே தொடங்குதல் வேண்டும்.

உணவும் உறக்கமும்

பயிற்சி செய்வோர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் பெறுதல் தகும். 60 கிலோ எடையுள்ள மாணவர்க்கு 72 கிராம் முதல் 96 கிராம் வரை ஆகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராமும், 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராமும் உள்ளன. மீன், இறைச்சி, பால், சுண்டல் ஆகியவற்றைச் சேர்த்து உண்டால் விலையுயர்ந்த மாவுகளை நாடவேண்டுவதில்லை. இரவில் ஏழு, எட்டு மணிநேர உறக்கம் வேண்டும். நோன்பு நாட்களில் பாரத்தைக் கூட்ட முனையாது, நோன்பு திறந்து நீரும் உணவும் கொண்டபின் இலேசாகப் பயில்வதே அறிவுடைமை.

எச்சரிக்கைகள்

பயிற்சிக்கு மறுநாள் உண்டாகும் தசைநோவு மூன்று நாட்களில் தணியும்; அதற்கு அஞ்சவேண்டா. மூட்டில் குத்தும் வலி தோன்றினால் உடனே நிறுத்துக. பழக்கமில்லாதவர் முதல்நாளே நூற்றுக்கணக்கில் குந்தி எழுந்தால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சிறுநீர் தேநீர் நிறங்கொண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்க. விரைவில் தசை பெருக்குவதாகக் கூறி யாரேனும் அளிக்கும் ஸ்டீராய்டு ஊசிகளை ஏற்கலாகாது. அவை இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பதோடு மகப்பேற்று ஆற்றலையும் அழிக்கவல்லன. பாரம் தூக்கினால் வளர்ச்சி குன்றும் எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. தக்கார் மேற்பார்வையில் முறையாகப் பயிலும் இளையோர்க்கு அவ்வாறு நேர்வதில்லை என்பதே மருத்துவ உலகின் முடிவு.

முடிவுரை

திருமுக்கூடலைத் தழுவிச் செல்லும் அதே பாலாற்றின் கரையில், மேற்கே உள்ளது வேலூர். அந்நகரின் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் 149 கிலோவும் 179 கிலோவுமாக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் வென்றார். அவர் தந்தையும் பளுதூக்கும் வீரராய் விளங்கியவர். நாம் மேடையில் காண்பது சில நொடிகளே. அதற்குப்பின் நிற்பனவோ வட்டொன்றாய்க் கூட்டிய ஆண்டுகள்.

நம்மில் யாவரும் பதக்கம் பெறப் போவதில்லை. ஆயினும் தண்ணீர்க் குடத்தைத் தளராது தூக்கவும், முதுமையில் பிறர் கைபற்றாது எழுந்து நிற்கவும் வேண்டிய வலிமை யாவர்க்கும் உரியது. திருமுக்கூடலில் உடலோம்புதற்கு வேண்டியவற்றை அளந்தறிந்து கல்லிற் பொறித்தனர். நாமும் இன்று தூக்கும் பாரத்தை அளந்தறிந்து குறிப்பேட்டில் எழுதித் தொடங்குவோமாக.