சிறு விமானமும் சரியான பசையும்

மாணவன் ஒருவன் பல நாள் முயன்று மரத்தால் ஒரு மாதிரி விமானம் செய்தான். திடலில் பறக்கவிட்ட சில விநாடிகளில் அதன் இறக்கை கழன்று வீழ்ந்தது. மரம் முறியவில்லை, ஒட்டிய இடமே விட்டுப்போயிற்று. அவன் கண்கலங்கி நின்றான். குற்றம் மரத்தினுடையதன்று, பசையைத் தேர்ந்த முறையினுடையது. ஆகவே, எவ்விடத்திற்கு எப்பசை ஏற்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

மாதிரி விமானங்கள் பெரும்பாலும் பால்சா மரத்தால் ஆனவை. ஈக்குவடோர் நாட்டிலிருந்து மிகுதியாக வரும் இம்மரம் மிக இலேசானது; நுண்துளைகள் நிறைந்தது. பசை அத்துளைகளுள் ஊறி இறுகுவதாலேயே இணைப்பு உறுதி பெறுகின்றது.

முதலாவது, வெள்ளை மரப்பசை. இதிலுள்ள நீர் மரத்தினுள்ளும் காற்றிலும் சென்றபின் இது இறுகும். உடற்சட்டங்களை ஒட்டுவதற்கு ஏற்றது. விலை குறைவு, கடுநெடி இல்லை, எனவே, சிறுவர்க்கு உகந்தது. துண்டுகளைக் குண்டூசியால் பொருத்தி ஓரிரவு அசையாமல் வைத்தல் வேண்டும். நம் நாட்டு மழை நாள்களில் காற்றில் ஈரம் மிகுதியாதலால், இன்னும் சிறிது பொறுத்தல் நலம்.

இரண்டாவது, 'சூப்பர் குளூ' எனப்படும் சயனோஅக்ரிலேட். ஹாரி கூவர் என்னும் அமெரிக்க அறிவியலார் 1942இல் இப்பொருளை எதிர்கொண்டார். 1958இல் இது விற்பனைக்கு வந்தது. சிறிதளவு ஈரம் பட்டாலே விநாடிகளில் இறுகும். நெருங்கப் பொருந்திய இணைப்புகளுக்கு நன்று. ஆனால் அதிர்ச்சியில் எளிதில் வெடித்துவிடும். இது விரல்களை ஒட்டிவிடும்; ஆவி கண்ணை உறுத்தும்; பஞ்சில் பட்டால் தோலைச் சுடுமளவு வெப்பம் உண்டாகும். ஆதலின், பெரியோர் துணையின்றி இதனைத் தொடலாகாது.

மூன்றாவது, எபோக்சி. பிசினையும் இறுக்கியையும் குறித்த அளவிற் கலத்தல் வேண்டும். அளவு தவறினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். இறக்கையின் நடு இணைப்பு, இயந்திரம் தாங்கும் பலகை, சக்கரக் கம்பி ஆகிய விசை மிகுந்த இடங்களுக்கு இதுவே தக்கது. எனினும், கனமானது. வாலில் மிகுதியாகப் பூசினால் விமானம் தலைநிமிர்ந்து, வேகமிழந்து வீழும்.

பால்மரத்தை நன்கறிந்த தோட்டத்துப் பெற்றோர், "ரப்பர்ப் பசை ஆகாதோ?" என வினவலாம். சைக்கிள் டியூபை ஒட்டும் அப்பசை உலர்ந்த பின்னும் நெகிழ்ந்துகொடுக்கும். எனவே, இறக்கையை நேராக நிறுத்தாது. ஆயினும் ரப்பருக்கு வேறொரு பெருமை உண்டு. 1871இல் பாரிஸ் நகரில் அல்போன்ஸ் பெனோ என்பார், முறுக்கிய ரப்பரின் விசையாலேயே தம் சிறு விமானத்தைச் சுமார் 40 மீட்டர் தூரம் பறக்கவிட்டார்!

பெரிய விமானத்திற்கும் இப்பாடம் பொருந்தும். 1940இல் முதன்முதலாகப் பறந்த 'மஸ்கிட்டோ' என்னும் பிரிட்டிஷ் மரவிமானம், தொடக்கத்தில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையால் ஒட்டப்பெற்றது. அப்பசை ஈரத்தைத் தாங்காமையால், பின்னர்ச் செயற்கைப் பிசினுக்கு மாறினர்.

மாணவர்களே! பசை மிகுந்தால் உறுதி மிகும் என எண்ணற்க. முதலில் துண்டுகளைத் தேய்த்துப் பொருத்துங்கள், பின்னர்ச் சிறிதளவே பூசுங்கள், இறுகும்வரை பொறுத்திருங்கள். பெற்றோர்களே! ஓய்வு நாளில் உங்கள் பிள்ளையுடன் அமர்ந்து இதனைச் செய்து பாருங்கள். அவர்தம் விமானம் முழுமையாகத் தரையிறங்கும் அந்நாள் உங்களுக்கும் இன்பம் தருவதாகும்.