பொம்மை முடிக்கு ஏறும் சாயம்

பழவேற்காடு ஏரிக்கரையில் பெண்கள் சாயமேற்றிய பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைவது ஊரறிந்த தொழில். சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்களில் பொம்மை செய்ய யாரேனும் இறங்கினால், தலைமுடிக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. வலையைப் பிரித்தால் இழை கிடைக்கும். ஓலைக்குப் போடும் பொட்டலச் சாயத்திலேயே அதையும் முக்கிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லா இழையும் சாயம் குடிக்காது. ஒரு துண்டை நறுக்கி, காற்றுக்குமிழி போகத் தண்ணீருக்குள் அழுத்திவிட்டுப் பாருங்கள். நரம்பு வலையின் நைலான் மூழ்கும். மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதில் நிறம் நிற்காது. மேலே ஒட்டிய சாயம் குழந்தையின் கைக்கும் வாய்க்கும்தான் போகும். பொம்மையின் முடியைச் சப்பாத குழந்தை ஏது? மிதக்கும் இழையில் நிறம் வேண்டுமென்றால், நிறத்தோடே வரும் நூலை வாங்குவதுதான் வழி. நைலானுக்கு ஆசிட் சாயம் என்று கேட்டு வாங்கி, வினிகர் விட்டுக் கொதிநீரில் ஏற்ற வேண்டும்; அலசும் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். எரித்துப் பார்த்து இழையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டாம், புகை நஞ்சு.

இழைக்கு ஏற்ற சாயமாக இருந்தால் மட்டும் போதாது, அது நஞ்சாகவும் இருக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கும். அதில் இருந்த ரோடமின்-பி, துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோஸ் நிறச் சாயம். பச்சையில் மாலகைட் கிரீன் என்று ஒன்று உண்டு, மீனுக்கு நஞ்சு. ஏற்றுமதியாகும் இறாலில் அதன் எச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இறாலை நம்பிப் பிழைக்கிற ஊரில் சாயத் தண்ணீரை ஏரியில் கொட்டுவது சொந்த உலையில் மண்ணைப் போடுவதுதான். உடலுக்குள் புற்றுநோய் வரவைக்கும் அமின்களாகச் சிதையும் அசோ சாயங்கள் உள்ளிட்ட 112 சாயங்களை மத்திய அரசு 1990-களிலேயே தடை செய்துவிட்டது. பெயரில்லாத பொட்டலத்தில் எது இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், மூக்கை மூடுங்கள், பொடியை முதலில் நனைத்துவிடுங்கள். சாயப் பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். குடிசையில் செய்பவர் எங்கே போவார் என்று பயப்பட வேண்டாம்: மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிந்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. முத்திரைக்குத்தான் விலக்கு, தடை செய்த சாயத்துக்கு இல்லை. அந்த ஆணையரிடம் பதிந்ததற்கான அட்டையை இன்னும் வாங்காதவர்கள் வாங்கிவிடுவது நல்லது.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று இருக்கிறது. "வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று சாயக் கடைக்காரர் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்குபவரும் நுகர்வோரே. தவறான சாயத்தால் கை புண்ணானாலும், செய்த பொம்மைகள் திரும்பி வந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ரசீது இல்லாமல் வாதாடுவது கடினம். ஆகவே சாயத்தின் பெயரை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.