சாயக்கழிவின் விலையை யார் கொடுப்பது?

முதலில் தொழில் வளரட்டும், ஆற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம் வளரும் நாடுகள் எங்கும் ஒலிக்கிறது. அதன் விலை என்ன என்பதைத் திருப்பூர் காட்டிவிட்டது. பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, சாயப்பட்டறைகளின் உப்புநீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றில் பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தேக்கமானது. தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிப் போராட வேண்டிய விவசாயிகள், திறக்க வேண்டாம் என்று போராடினார்கள். கிணறுகளும் நிலமும் உப்பேறின. ஏற்றுமதிக் கணக்கில் லாபம் என்று எழுதப்பட்டதில் ஒரு பங்கு, கரையோர விவசாயியிடமிருந்து அவரைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டது.

மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற நெறியை, வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. திருப்பூரில் அது நடைமுறைக்கு வர, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறை வந்த பிறகே பட்டறைகள் திறந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயமேற்றவே பயன்படுத்தும் முறை அது.

கட்டுப்பாடு தொழிலைக் கொன்றுவிடும் என்றார்கள். அந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை: பட்டறைகள் மூடியபோது தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், சிறு பட்டறைகள் பல மீளவே இல்லை. ஆனால் தொழில் அழியவில்லை. அப்போது ஏறத்தாழ 12,000 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2022-23-இல் 34,000 கோடியைத் தொட்டது. விலைவாசி உயர்வையும் ரூபாய் மதிப்புச் சரிவையும் கழித்துப் பார்த்தாலும், தொழில் செத்துவிடும் என்ற கணிப்பு பொய்த்தது தெளிவு. உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க மின்சாரமும் விறகும் செலவாகின்றன, மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே வைப்பது என்ற சிக்கலும் இருக்கிறது என்பார்கள். இவை தீர்க்க வேண்டிய குறைகள். கழிவை ஆற்றில் விடுவதற்கான நியாயங்கள் அல்ல.

பணக்கார நாடுகள் ஆறுகளைக் கெடுத்துத்தானே வளர்ந்தன, நமக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கு விடை, நம் விவசாயியின் கிணற்றைப் பலியிடுவது அல்ல. மலிவாக ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் சுத்திகரிப்புச் செலவுக்கும் சேர்த்து விலை கேட்பது. தனித்து நிற்கும் ஒரு பட்டறையால் அப்படிக் கேட்க முடியாது. விதி எல்லா ஊருக்கும் ஒன்றாக இருந்தால்தான் முடியும். ஓர் ஊரில் கெடுபிடியும் பக்கத்து ஊரில் கண்டுகொள்ளாமையும் இருந்தால், கழிவு இடம் மாறுமே தவிரக் குறையாது. எனவே அரசு செய்ய வேண்டியவை இரண்டு: சாயமேற்றும் ஊர் எதுவானாலும் ஒரே விதி, சிறு பட்டறைகள் அந்த விதிக்கு உட்பட்டுப் பிழைக்க வட்டியில்லாக் கடன். இவ்விரண்டும் இல்லாத வளர்ச்சி, அடுத்தவர் தண்ணீரில் எழுதப்படும் கடன்தான்.