எட்டு விளக்கும் எரிந்தது

நெட்வொர்க் லேப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை, கத்தரியில் தொடங்குகிறது. கேபிளின் மேல்தோலை ஓர் அங்குலம் உரித்தால் உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். முறுக்கைப் பிரித்து, நகத்தால் நீவி நேராக்கி, வரிசையாக அடுக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஆர்ஜே-45 தலைக்குள் செருகி கிரிம்பிங் டூலை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். வரிசை தப்பிவிட்டால் தலையோடு வெட்டி எறிய வேண்டியதுதான். திரும்பத் திறக்க வராது.

பச்சை ஜோடியை மட்டும் ஏன் பிரித்து, நடுவில் நீலத்தைச் செருக வேண்டும் என்று எல்லா பேட்ச்சிலும் ஒருவருக்குத் தோன்றும். ஜோடி ஜோடியாக அடுக்கினால் பார்க்கவும் அழகு, நினைவில் வைக்கவும் சுலபம். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதாதா? அப்படியே அடுக்கி டெஸ்டரில் மாட்டுவார். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரியும். “சார், லைட் எல்லாம் எரியுது சார்!”

எரியும்தான். ஆனால் அதே கேபிளை கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு பெரிய ஃபைலை அனுப்பினால் வேகம் தள்ளாடும், சில நேரம் இணைப்பே விட்டுவிட்டு வரும். மூன்றாவது, ஆறாவது ஊசிகளில் ஒரே ஜோடியின் இரு கம்பிகள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து, ஒன்றோடொன்று கழிந்துபோகட்டும் என்றுதான் கம்பிகளை முறுக்கியே வைத்திருக்கிறார்கள். ஜோடி மாறினால் ஒரு கம்பியின் பேச்சு பக்கத்துக் கம்பியில் கேட்கத் தொடங்கிவிடும். டெஸ்டருக்கு அந்தக் கவலை கிடையாது. இந்த முனைக் கம்பி அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும் பார்த்துவிட்டு விளக்கை எரியவிடும்.

‘சரி’ என்று சொல்லும் கருவி எதைப் பார்த்துவிட்டுச் சரி என்றது? நெட்வொர்க்கும் அதன் பாதுகாப்பும் படிக்க வருகிறவருக்கு முதலில் வர வேண்டிய கேள்வி இது. துரதிர்ஷ்டவசமாக, பல கல்லூரிகளில் அது கடைசி செமஸ்டர்களில்தான் வந்து சேர்கிறது.

தியரி வகுப்பு வேறு தினுசு. ஃபோரூசான் புத்தகம் அல்லது டானன்பாம் புத்தகம். ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகள். இணையம் உண்மையில் ஓடுவது அந்த ஏழின்படி அல்ல, 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் மாறிக்கொண்ட டிசிபி/ஐபியின்படி. இருந்தாலும் ஏழையும் மனப்பாடமாக எழுதாமல் தேர்வு அறையை விட்டு வந்தவர் குறைவு.

பாடத்துக்கு உயிர் வருவது வயர்ஷார்க்கைத் திறக்கும் நாளில். ஜெரால்ட் கூம்ஸ் 1998-ல் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்ட இலவச மென்பொருள் இது, 2006-ல் பெயர் மாறியது. கம்ப்யூட்டருக்கு வரும், கம்ப்யூட்டரிலிருந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் காட்டும். பயிற்சிக்கென்றே வைத்திருக்கும் ஒரு பழைய லாகின் பக்கத்தில் மாணவி ஒருவர் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எச்டிடிபி என்றால் இரண்டும் திரையில் எழுத்துக்கு எழுத்து அப்படியே தெரியும். அதே பக்கத்தை எச்டிடிபிஎஸ்ஸில் திறந்தால் தெரிவது வெறும் எழுத்துக் குப்பை. பத்துப் பக்க நோட்ஸ் செய்யாத வேலையை அந்த இரண்டு நிமிடம் செய்துவிடும்.

வயர்ஷார்க்கில் ஓயாமல் ஓடும் இன்னொரு சங்கதி ஏஆர்பி. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இயந்திரம் தனக்கு வேண்டிய ஐபி முகவரியைச் சொல்லி, “இது யாருடையது?” என்று பொதுவில் கேட்கும். உரியவர் தன் வன்பொருள் முகவரியைச் சொல்வார். டேவிட் பிளம்மர் 1982-ல் எழுதிய சின்ன ஆவணம்தான் இதற்கு அடிப்படை. பதில் சொல்பவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. கல்லூரியில் ப்ராக்சி அட்டெண்டன்ஸ் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெயரைக் கூப்பிட்டதும் யார் “பிரசென்ட் சார்” என்றாலும் பதிவேட்டில் டிக் விழும். ஏஆர்பி, தலை நிமிராமல் டிக் போடும் ஆசிரியர். “நான்தான் ரௌட்டர்” என்று பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர் பொய் சொன்னால் மொத்த டிராஃபிக்கும் அதன் வழியாகப் போகும்.

அடுத்தது, மாணவர்கள் மனதாரத் திட்டும் சப்நெட் கணக்கு. ‘ஸ்லாஷ் 22’ என்றால் எத்தனை முகவரி, ‘ஸ்லாஷ் 24’ என்றால் எத்தனை? முப்பத்திரண்டிலிருந்து கழித்து, இரண்டின் அடுக்காகப் போட்டால் முன்னது 1,024, பின்னது 256. அதோடு ஒரு விதி: ஒரே முகவரிக்கு இரண்டு வழி தெரிந்தால், சிறிய தொகுதியைக் குறிப்பாகச் சொல்லும் வழியைத்தான் ரௌட்டர் எடுக்கும். ‘மதுரைத் தபால் எல்லாம் இந்தப் பக்கம்’ என்று ஒரு பலகை, ‘மதுரை கோரிப்பாளையம் தபால் அந்தப் பக்கம்’ என்று இன்னொரு பலகை இருந்தால், கோரிப்பாளையத்துக் கடிதம் இரண்டாவது பலகைப்படிதானே போகும். பதிமூன்று மார்க் கேள்வியாகவே இதைப் பார்த்துப் பழகியவர்களிடம் 2008 பிப்ரவரி 24-ஐச் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் யூடியூபை முடக்கும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டிருந்தது. யூடியூப் உலகுக்கு அறிவித்திருந்த தொகுதி 208.65.152.0, ஸ்லாஷ் 22. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் அடங்கிய 208.65.153.0, ஸ்லாஷ் 24-ஐத் தன்னுடையது என்று அறிவித்தது. நாட்டுக்குள்ளேயே நிற்க வேண்டிய அறிவிப்பு அது. ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் வழியாக வெளியே கசிந்தது, அங்கே யாரும் வடிகட்டவில்லை. உலகத்து ரௌட்டர்கள் கோரிப்பாளையம் விதியை ஒழுங்காகப் பின்பற்றின. நிமிடங்களில் யூடியூபுக்குப் போக வேண்டியவர்கள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பிவிட்டார்கள்.

யூடியூப் பொறியாளர்கள் மீண்ட விதம்தான் ருசியானது. முதலில் அவர்களும் அதே ஸ்லாஷ் 24-ஐ அறிவித்தார்கள். அது சமபலம்தான், ஒரு பகுதியினர்தான் திரும்பினார்கள். சில நிமிடங்கள் கழித்து அதையும் இரண்டாக வெட்டி, இரண்டு ஸ்லாஷ் 25-ஆக அறிவித்தார்கள். ஒன்றுக்கு 128 முகவரி. பிசிசிடபிள்யூ அந்தப் பொய் அறிவிப்பைத் திரும்பப் பெற்றபோது, தொடங்கி இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. இதில் ஹேக்கரும் இல்லை, வைரஸும் இல்லை. இணையத்தின் பெரிய நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி என்ற ஏற்பாடு, சொன்னதை நம்பும்படி கட்டப்பட்டது. ‘இந்த முகவரியை அறிவிக்க இவருக்கு உரிமை உண்டு’ என்று கையெழுத்திட்டுக் காட்டும் ஆர்பிகேஐ முறை பின்னால்தான் வந்தது.

இப்படி நம்பிக் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்க கால இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த பல்கலைக்கழகத்துக்காரர்கள். இந்தியாவிலும் அப்படித்தான். 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டம், சென்னை உட்பட ஐந்து ஐஐடிகளையும் பெங்களூரு ஐஐஎஸ்சியையும் இன்னும் சில அரசு அமைப்புகளையும்தான் முதலில் இணைத்தது. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். தெருவில் எல்லோரும் உறவுக்காரர்கள் என்றால் கதவுக்கு யார் பூட்டு போடுவார்கள்?

பூட்டில்லாத அந்தத் தெருவுக்குள் 1988 நவம்பர் 2 அன்று நுழைந்தது ஒரு மாணவரின் நிரல். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், அதை எம்ஐடி கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து ஏவினார். மின்னஞ்சல் மென்பொருளான சென்ட்மெயிலில் மறந்துபோய்த் திறந்து கிடந்த ஒரு வசதி, ஃபிங்கர் சேவையில் 512 எழுத்துக்கு மட்டும் இடம் வைத்துவிட்டு எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஒரு பிழை, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள், ‘பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் பாஸ்வேர்டு கேட்காதே’ என்ற ஏற்பாடு. இந்த நான்கு வழியிலும் அது புகுந்தது.

ஏற்கெனவே தொற்றிய கம்ப்யூட்டரில் மறுபடி புகாமலிருக்க, “உள்ளே இருக்கிறாயா?” என்று அது கேட்டுப் பார்க்கும். பொய்யாக “இருக்கிறேன்” என்று சொல்லித் தடுத்துவிடுவார்களோ என்று மோரிஸுக்குச் சந்தேகம். அதனால் ஏழில் ஒரு முறை பதிலைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படி எழுதினார். அந்த ஏழில் ஒன்றுதான் குடியைக் கெடுத்தது. ஒரே கம்ப்யூட்டரில் பிரதி மேல் பிரதி சேர்ந்து மூச்சுத் திணறியது. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். எல்லோரையும் நம்பிய ஒரு நெட்வொர்க்கை, யாரையும் நம்பாத ஒரு நிரல் படுக்கவைத்தது. அதே மாதத்திலேயே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் பிறந்தது. இந்தியாவின் செர்ட்-இன் 2004-ல் செயல்படத் தொடங்கியது. மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிறகு அவர் எம்ஐடியிலேயே பேராசிரியரானார்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கையே பலமுறை முடக்கியவர். பெயர்ப்பெட்டியில் ‘அட்மின்’, பாஸ்வேர்டிலும் ‘அட்மின்’ என்று ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே விட்டுவிட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் அடிமையாக்கிய மிராய் நிரலை 2016-ல் உருவாக்கிய மூவரில் அவரும் ஒருவர். ரட்கர்ஸ் வழக்கில் 2018-ல் நீதிமன்றம் விதித்த இழப்பீடு 86 லட்சம் டாலர், கூடவே ஆறு மாத வீட்டுக்காவல். நம் ஊரிலும் நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ‘சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்’ என்பது அங்கே எளிதில் எடுபடாது. கை துறுதுறுக்கும் மாணவர்களுக்கு சிடிஎஃப் போட்டிகள் இருக்கின்றன: உடைப்பதற்கென்றே கட்டிய அமைப்புகள், ஒளித்துவைத்த ‘கொடி’யைக் கண்டுபிடித்தால் மதிப்பெண். அம்ரிதா பல்கலைக்கழக மாணவர்களின் பயோஸ் அணி இதில் நாடறிந்த பெயர்.

இவ்வளவு பின்னிக்கிடக்கும் விஷயத்தைப் பாடத்திட்டங்கள் இரண்டாக வெட்டி வைத்திருப்பதுதான் வினோதம். நெட்வொர்க் ஒரு செமஸ்டரில், ‘கிரிப்டோகிராஃபியும் நெட்வொர்க் செக்யூரிட்டியும்’ சில செமஸ்டர் தள்ளி, சில இடங்களில் விருப்பப் பாடமாக. ஏஆர்பி எப்படி வேலை செய்கிறது என்று முதல் தாளில் எழுதியவர், அது எப்படி ஏமாறும் என்று படிப்பதற்குள் முதலாவதை மறந்திருப்பார். பூட்டு செய்யும் பட்டறையில் சாவியைப் பற்றி அடுத்த வருடம் சொல்லித்தருகிறோம் என்பது போல. விஎல்ஏஎன் போட்டு நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் லேப் பயிற்சியைப் பலர் ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்துவிட்டுப் போகிறார்கள். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலைய விவகாரத்தில் பேசப்பட்டது அதே பிரிவினைதான். அணுமின் கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் தீம்பொருள் இருப்பதை செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் தெரிவித்தது. தொற்றியது இணையத்தோடு இணைந்த, நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் என்றும், முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து அது பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்றும் அக்டோபர் 30 அன்று கழகம் அறிவித்தது. அந்த அறிக்கையின் முழு பாரமும் அந்த ‘பிரித்து’ என்ற சொல்லின் மேல்தான்.

வகுப்பறை சில நேரம் பொக்கிஷத்தையே தள்ளிவிடுவதும் உண்டு. 1974-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர் ரால்ஃப் மெர்க்கிள், கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்புக்கு ஒரு ப்ராஜெக்ட் யோசனை எழுதிக் கொடுத்தார். முன்பின் அறியாத இருவர், ஊரே ஒட்டுக் கேட்கும் கம்பியில் பேசிக்கொண்டே ஒரு ரகசியத்தைத் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொள்ள முடியுமா? முடியும் என்றார் அவர். ஒருவர் ஏராளமான புதிர்களை அனுப்புவார். மற்றவர் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து விடுவித்து, உள்ளே இருக்கும் எண்ணைத் திருப்பிச் சொல்வார். அது எந்தப் புதிர் என்று அனுப்பியவருக்குத் தெரியும், அதற்குள் இருக்கும் ரகசியச் சாவியும் தெரியும். ஒட்டுக் கேட்பவரோ குவியலில் சராசரியாகப் பாதியை விடுவித்துப் பார்த்தாக வேண்டும்.

ஆசிரியருக்கு அது பிடிபடவில்லை. மெர்க்கிள் கொடுத்திருந்த இன்னொரு யோசனையே தேவலை என்றார். மெர்க்கிள் வகுப்பை விட்டுவிட்டார், யோசனையை விடவில்லை. கட்டுரையும் முதலில் திரும்பி வந்து 1978-ல்தான் அச்சேறியது. அதற்குள் 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் இன்னும் லாவகமான வழியை வெளியிட்டிருந்தார்கள். அதில் மெர்க்கிள் பெயரும் சேர வேண்டும் என்று பின்னாளில் ஹெல்மனே எழுதினார். இன்று வங்கிப் பக்கத்தின் எச்டிடிபிஎஸ் இணைப்புக்குப் பின்னால் ஓடுவது அந்தக் குடும்பத்து வழிமுறைதான்.

லேப் வசதி குறைந்த கல்லூரியில் படிப்பவருக்கும் தொடங்க ஒரு பழைய லேப்டாப் போதும். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம், விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். தாக்குவதும் காப்பதும் அதற்குள்ளேயே இரண்டு மெய்நிகர் கம்ப்யூட்டர்களுக்கு இடையில் நடக்கட்டும். வெறுமனே பார்ப்பதற்கு வீட்டு வைஃபை இருக்கிறது. இரவு வயர்ஷார்க்கைத் திறந்துவைத்தால், “192.168.1.1 யாரிடம் இருக்கிறது? 192.168.1.7-க்குச் சொல்லவும்” என்ற பொருளில் வரிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வரி டிவியுடையது, ஒன்று அம்மாவின் போன், இன்னொன்று ஹாலில் மூடிவைத்த டேப். பதில் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். சொன்னது ரௌட்டர்தானா என்று ஒன்றுகூடத் திருப்பிக் கேட்காது.