கப்பல் விருந்தில் வெறும் சாதம் கிடைக்குமா?

ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற சொகுசுக் கப்பல் 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. நிரம்பினால் 7,600 பயணிகள். சாப்பிட, குடிக்க, கொறிக்க என்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள். அப்படியொரு கப்பலில் ஏறும் குடும்பத்தில் அப்பாவுக்கு இறால் ஆகாது. பிள்ளையோ சோறு, உருளைக்கிழங்கு தவிர வேறெதையும் தொடாது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பரிமாறுபவரிடம் கேட்பது ஒன்றையேதான்: சாஸ், மசாலா எதுவும் போடாமல் சாதாரணமாக ஏதாவது கொண்டுவாருங்கள்.

கோரிக்கை ஒன்று, காரணங்கள் இரண்டு. பிள்ளையின் சிக்கல் நாக்கிலும் மூளையிலும் இருக்கிறது. அப்பாவின் சிக்கல் நோய் எதிர்ப்பு மண்டலத்தில். “இறால் வேண்டாம்” என்று மட்டும் சொன்னால், சமையல்காரர் அதைப் பிடிக்காதவர் பேச்சாக எடுத்துக்கொண்டு, தட்டில் கிடக்கும் இறாலைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அதே தட்டை அனுப்பிவிடலாம். பிள்ளைக்கு அது போதும். அப்பாவுக்குப் போதாது.

ஒவ்வாமையின் மிகக் கொடிய வடிவமான அனஃபிலாக்சிஸின் கதை தொடங்கியதே ஒரு கப்பல் பயணத்தில்தான். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட் தன் ஆய்வுக் கப்பலில் சார்லஸ் ரிஷே, பால் போர்டியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகளை அழைத்துப் போனார். கடலில் மிதக்கும் ஒருவகைச் சொறிமுட்டை உயிரினத்தின் நஞ்சை ஆராய்வது வேலை. ஊர் திரும்பியதும் கடல் சாமந்தியின் நஞ்சை வைத்து நாய்களிடம் சோதனையைத் தொடர்ந்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து, கொல்லப் போதாத அளவில் அதே நஞ்சை மறுபடி செலுத்தினார்கள். அரை மணி நேரத்துக்குள் நாய் செத்துப்போனது. பழகப் பழக நஞ்சு தாங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறான விடை கிடைத்தது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு.

அந்த நாயின் உடலில் நடந்தது போன்ற ஒன்றுதான் இறால் ஆகாதவரின் உடலிலும் நடக்கிறது. இறால் தசையிலுள்ள டிரோபோமயோசின் என்ற புரதத்தை உடல் ஒருமுறை எதிரியாகக் குறித்துவைத்துவிட்டால், அதற்கென்று ‘இம்யூனோகுளோபுலின் ஈ’ என்ற எதிர்பொருளைத் தயாரித்து, தோலிலும் குடலிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிவைக்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல். நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்மூரில் சொல்வார்கள். டிரோபோமயோசின் கொதிக்கும் சூட்டையும் தாங்கும்.

எவ்வளவு பட்டால் ஆபத்து? உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு கணக்குப் போட்டது. வேர்க்கடலை ஒவ்வாதவர்களில் 95 சதவீதத்தினருக்கு எதுவும் ஆகாத அளவு 2 மில்லிகிராம் கடலைப் புரதம். ஒரு கடலைப் பருப்பில் இருக்கும் புரதமே ஏறக்குறைய 250 மில்லிகிராம்; அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை இது. இறால், நண்டு வகைக்கு அந்த அளவு 200 மில்லிகிராம். இறால்காரர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாமே என்றால், மீதி 5 சதவீதத்தில் தான் இருக்கிறோமா இல்லையா என்று யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

இந்த இடத்தில்தான் ‘சாதாரணச் சாப்பாடு’ ஏமாற்றும். மேற்கத்தியச் சமையலறையில் சாதம் கோழி எலும்புச் சாற்றில் வெந்திருக்கலாம். மசித்த உருளைக்கிழங்கில் பாலும் வெண்ணெயும் கலந்திருக்கும். உருளை வறுவலில் உப்பைத் தவிர எதுவும் தெரியாது; ஆனால் அது பொரிந்த எண்ணெயில் சற்றுமுன் மாவு பூசிய இறால் பொரிந்திருந்தால், கோதுமையும் இறாலும் அதோடு வருகின்றன. சாலட்டில் ஊற்றும் சீஸர் சாஸில் நெத்திலி இனத்து மீன் இருக்கிறது, சைவர்களும் கவனிக்க. நம் சமையலும் இதற்கு விலக்கல்ல. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். கோதுமை ஆகாதவர் ரசத்தை நம்பிக் குடிக்க முடியாது. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை. செக்கு எண்ணெயில் அது தங்கியிருக்கும். உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குவதே கடலை ஒவ்வாதவருக்கு வினையாகிவிடும்.

கப்பலில் ஒவ்வாமைக்காரர்கள் ஒதுங்கிப் போகவேண்டிய இடம் பஃபே. வாசலிலேயே சானிடைசரோடு ஒருவர் நிற்பார். எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போவார்கள். கிருமிக்கு அது ஓரளவு உதவும். கப்பல்களில் அடிக்கடி பரவும் நோரோ வைரஸிடம் அதுவும் அவ்வளவாகப் பலிக்காது. கடலைப் புரதத்துக்கோ அதை நம்பவே முடியாது. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கையில் கடலை வெண்ணெயைத் தடவிவிட்டுச் சோதித்தார்கள். திரவ சோப்பும் ஈரத் துடைப்பானும் கையைச் சுத்தமாக்கின. சானிடைசரால் தேய்த்த கைகள் சிலவற்றில் கடலைப் புரதம் இன்னும் எஞ்சியிருந்தது. அந்தக் கைதான் அடுத்து சாதத்தின் கரண்டியைப் பிடிக்கிறது. நூடுல்ஸ் இடுக்கியை எடுத்துச் சாலட்டில் போடுபவரும் வரிசையில் உண்டு.

இனி பிள்ளைக்கு வருவோம். “அடம் பிடிக்குது, பட்டினி போட்டா தானா தின்னும்” என்று சொல்லும் உறவுக்காரர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அறிவியல் அவர் பக்கம் இல்லை. 1931இல் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு வேதிப்பொடியைக் கொட்டும்போது தூசி பறந்தது. பக்கத்திலிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இதற்குப் பின்னாலுள்ள மரபணு TAS2R38 என்று 2003இல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ், புரோக்கோலி வகைகளின் கசப்பை யார் எவ்வளவு உணர்கிறார்கள் என்பதில் அதற்குப் பங்குண்டு. புதிய உணவைக் கண்டு மிரளும் குணத்தில் 78 சதவீத வேறுபாட்டுக்கு மரபே காரணம் என்று பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளிடம் நடத்திய 2007ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. எடை குறையும் அளவுக்குப் போனால் அது தனிக் கோளாறு; அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013 முதல் அதற்குப் பெயரும் உண்டு.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கப்பல் அவ்வளவு கடினமான இடமில்லை. பெரிய கப்பல்களின் முதன்மை உணவகத்தில், தினம் மாறும் பட்டியலுக்கு அடியில் மாறாத பட்டியல் ஒன்று இருப்பது வழக்கம்: வாட்டிய கோழி நெஞ்சுக்கறி, சுட்ட உருளைக்கிழங்கு போன்றவை. சாஸ் இல்லாத பாஸ்தா கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விடுமுறைப் பயணத்தில் புதிதாக எதையாவது சாப்பிடவைத்தே தீருவேன் என்று பெற்றோர் மல்லுக்கு நிற்பது வீண் வேலை என்பேன்.

ஒவ்வாமைக்காரர்கள் டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏறிய முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரைப் பார்த்துப் பேசுங்கள். மறுநாள் பட்டியலை முதல் நாள் இரவே காட்டி, உங்கள் தட்டைத் தனியாகச் சமைக்கும் ஏற்பாடு பல கப்பல்களில் உண்டு. “பிடிக்காது” என்ற சொல்லை விட்டுவிட்டு, “சாப்பிட்டால் மூச்சு அடைக்கும்” என்று சொல்லுங்கள். கேட்கவேண்டியது என்ன போட்டீர்கள் என்பது மட்டுமல்ல. எந்த எண்ணெயில், எந்தக் கல்லில் என்பதும்தான்.

கப்பலில் மருத்துவர் இருப்பார். பெரிய மருத்துவமனை கரையில்தான், நடுக்கடலிலிருந்து அது பல மணி நேரத் தொலைவு. ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். சுருங்கும் மூச்சுக் குழாயையும் சரியும் ரத்த அழுத்தத்தையும் அது நிறுத்தாது. அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும், தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதமில்லாமல். முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு ஊசியையும் கடிதத்தையும் வாங்கி, போடும் முறையையும் உடன் வருபவருக்குக் கற்றுக்கொடுங்கள். ஊசியை அறையில் பூட்டிவைக்காமல் சாப்பிடப் போகும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.