கண்ணோட்டம்

கண்ணோட்டம் என்ற சொல்லை இன்று நாம் கருத்து, பார்வை என்ற பொருளில்தான் பயன்படுத்துகிறோம். வள்ளுவருக்கு அது வேறு. திருக்குறளின் 58ஆவது அதிகாரத்தின் பெயரே கண்ணோட்டம். துன்பப்படும் ஒருவரைக் கண்டதும் எமது கண் அவர்பால் ஓடுகிறதே, அந்த இரக்கம். அதை அவர் துறவிகளுக்குச் சொல்லும் இடத்தில் வைக்கவில்லை. அரசும் ஆட்சியும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார். அதிகாரம் கையில் உள்ளவருக்கே அது கூடுதலாகத் தேவை என நினைத்தார் போலும். கச்சேரி வரிசைகளில் கால் கடுக்க நின்ற எமது சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கண்ணையும் இரக்கத்தையும் சேர்த்து நினைத்தால் எமது நாட்டில் ஒருவரின் பெயர் முன்னே வரும். அவர் டொக்டர் ஹட்சன் சில்வா. மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1958இல், இறந்தபின் கண்களைத் தாருங்கள் என்று பத்திரிகை மூலம் மக்களிடம் கேட்டவர். 1960இல் அவருடைய தாயார் காலமானார். அந்தத் தாயின் கண்ணைக் கொண்டே ஓர் ஏழை விவசாயிக்குப் பார்வை கிடைத்தது. ஊராரிடம் கேட்டதைத் தன் வீட்டிலிருந்தே கொடுத்த மனிதர் அவர். ஆரம்பத்தில் தானமாகக் கிடைத்த கண்களைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவானது. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் 50க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இச்சிறிய தீவிலிருந்து கண்கள் சென்றன. நாம் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த வருடங்களிலும் அவை போய்க்கொண்டுதான் இருந்தன.

இதில் என்னை வியக்க வைப்பது இன்னொரு விடயம். முழுக் கண்ணையும் மாற்றுவதில்லை. முன்புறத்தில் கண்ணாடி போலுள்ள கருவிழிப் படலத்தை மட்டுமே மாற்றுகிறார்கள். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே இரத்த வகை பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. யாருடையதும் யாருக்கும் பொருந்தும்.

நான் பணிபுரியும் பிலிமத்தலாவையில் அயலவர் பெரும்பாலும் சிங்களவர். கண் தானம் பற்றிப் பேசினால், பார்வையற்ற ஒருவருக்குத் தன் இரு கண்களையும் கொடுத்த சிவி மன்னனின் ஜாதகக் கதையைச் சொல்வார்கள். நான் காளத்தி மலைக் கண்ணப்பரைச் சொன்னேன். "உங்களிடமும் இருக்கிறதா!" என்று ஒரு பாட்டி ஆச்சரியப்பட்டார். வெசாக் நாட்களில் கண்டி வீதியோரம் தன்சல் போட்டு, இன்னார் என்று பாராமல் வாகனங்களை மறித்துச் சாப்பாடு கொடுப்பவர்கள் இவர்கள். ஆனால் வருடத்தில் ஓரிரு நாள் காட்டும் இரக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

கடந்த வருடம் வன்னியிலிருந்து சில சகோதரிகள் தையல் பயிற்சிக்காக இங்கு வந்திருந்தனர். ஒரு மாலை நற்குணம் பற்றிப் பேச்சு வந்தது. அவர்களில் மூத்த அக்கா ஒருவர் சட்டென்று சொன்னார்:

"தங்கச்சி, நல்ல குணம், நல்ல குணம் எண்டு சொல்லித்தான் எங்கடை வாயை மூட வைச்சவை."

உண்மைதான். பெண்ணின் நல்ல குணம் என்று எமது சமூகம் பெரும்பாலும் சொல்வது வாய் திறவாமையை. கணவனை இழந்தவளை நல்ல காரியத்தில் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அவள் பேசாமல் ஒதுங்கினால் "தங்கமான பிள்ளை" என்பார்கள். அது இரக்கம் அல்ல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அமர்ந்த தாய்மாரிடம் நற்குணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அப்போது இன்னொரு சகோதரி பேசினார். அவருடைய மாமியாருக்கு வயலில் நெல் பட்டுக் கண் புண்ணாகி வெள்ளை விழுந்து, கருவிழிப் படலம் மாற்றினார்களாம்.

"ஆற்றை கண் எண்டு தெரியாது. சிங்கள ஆக்களோ, எங்கடை ஆக்களோ. ஆரோ ஒரு வீட்டிலை, செத்தவரைக் கிடத்திப்போட்டு அழுதுகொண்டிருக்கேக்கை, ஓம் எண்டு சொல்லியிருக்கினம்."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. உடலைக்கூடக் காணாதவர்களும் அங்கே இருந்தார்கள்.

பிறகு மூத்த அக்காதான் கேட்டார், "அதுக்கு எங்கை எழுதிக் குடுக்கிறது?"

கண் தானச் சங்கத்தின் படிவம் பற்றிச் சொன்னேன். படிவத்தை விட முக்கியம் வீட்டாரிடம் சொல்லி வைப்பது என்றும் சொன்னேன். இறந்த சில மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். தகவல் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டார்தான்.

"அப்ப மகளிட்டைச் சொல்லவேணும். அவள் முதல்லை அழுவாள்" என்றார் அக்கா.