மின்சாரம் தண்ணீர் போல ஓடுமா?

'மின்சாரம் தண்ணீர் போல ஓடுகிறது' என்று எழுதாத மாணவர் இல்லை. நானும் சரி போட்டுத்தான் வந்தேன். ஆனால், நம் வீட்டுச் செம்புக் கம்பிக்கு அந்த உவமை அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே எலக்ட்ரான்கள் பெரும்பாலும் மாசுகள் மீதும் அதிரும் அணுக்கள் மீதும் மோதி மோதித்தான் நகர்கின்றன.

மிகத் தூய பொருளில் கதை வேறு. எலக்ட்ரான்கள் தங்களுக்குள்ளேயே அதிகம் மோதும்போது ஓட்டம் பாய்மமாகிறது: ஓரத்தில் மெதுவாக, நடுவில் வேகமாக. சோவியத் அறிஞர் குர்ஷி 1960களிலேயே இதைக் கணித்தார். 2016இல் கிராஃபீனில் அதற்கான சான்று கிடைத்தது. 2025இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினரும் கிராஃபீனில் இத்தகைய பாய்மத்தைக் கண்டார்கள்.

எலக்ட்ரானுக்கு மின்னூட்டத்தோடு தற்சுழற்சி என்ற பண்பும் உண்டு. பெயரைப் பார்த்துப் பம்பரம்னு நினைச்சிடாதீங்க. குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அளந்தால் மேல், கீழ் என இரண்டே நிலை. 'மேல்' எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் 'கீழ்' எலக்ட்ரான்கள் அதே அளவில் எதிர்ப்பக்கமும் போனால் மின்னோட்டம் பூச்சியம். ஆனாலும், தற்சுழற்சி ஓட்டம் இருக்கும்.

பாய்மமானால் இரண்டுமே சுலபமாக ஓடும் என்றுதானே தோன்றுகிறது? இங்கேதான் சறுக்கல். தீபாவளிக்கு முந்தின வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே பக்கம் போனால், தோளோடு தோள் இடித்தாலும் கூட்டம் நகரும். பாதிப் பேர் எதிரே வந்தால் ஒவ்வோர் இடியும் இரு தரப்பையும் நிறுத்தும். எலக்ட்ரான்களும் அப்படித்தான். தங்களுக்குள் மோதும்போது மொத்த உந்தம் மாறாது. அதனால் மின்னோட்டம் தப்பிக்கிறது. ஆனால், 'மேல்' கூட்டத்தின் உந்தம் 'கீழ்' கூட்டத்துக்குக் கைமாறுவதால் தற்சுழற்சி ஓட்டம் தேய்கிறது. டி'அமிக்கோவும் விக்னாலேயும் 2000இல் கணித்த இந்த இழுவையை, 2005இல் பெர்க்லி ஆய்வாளர்கள் ஓர் அரைக்கடத்தியில் அளந்தார்கள். தேய்வது ஓட்டம்தான், மேல், கீழ் என்ற நிலை அந்த மோதலால் அழிவதில்லை. மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாய்மம் தடை மட்டுமா செய்கிறது? ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகக் குழு பாதரசத்தை மெல்லிய குழாயில் ஓடவிட்டது. முடிவு 2016இல் வெளிவந்தது. சுவரோரம் வேகம் குறைவதால் திரவம் உருளப் பார்க்கிறது. அந்தச் சுழல் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை ஒரு திசைக்குத் திருப்ப, தற்சுழற்சி ஓட்டம் பிறந்து, சிறிய மின்னழுத்தமாகத் தென்பட்டது. ஆனால், அங்கே ஓடியது பாதரசமேதான். கிராஃபீனைப் போல எலக்ட்ரான்கள் மட்டுமல்ல.

கருத்துணர்தலுக்கு இப்பகுதியைக் கொடுக்கும் ஆசிரியர்கள் 'திரவம்', 'பாய்மம்' வேறுபாட்டையும் கேட்கலாம். காற்றும் பாய்மமே.